பிறந்த வீட்டு உப்பு

பிரபு,

என் கடிதம் என்றால் சாப்பிட்டாயா, வெயில் எப்படி, உடம்பு எப்படி என்றுதான் ஆரம்பிக்கும். இந்தத் தடவை அதையெல்லாம் கேட்கும் நிதானம் எனக்கில்லை. நின்றுகொண்டு படிக்காதே, உட்கார். பாதியில் மடித்து வைத்துவிட்டு டியூட்டிக்குக் கிளம்பாதே. போனில் சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன். நம் வீட்டு போன் கூடத்தில் இருக்கிறது, உன் பெரியப்பா வந்து உட்காரும் நாற்காலி அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வைகாசியில் உனக்குக் கல்யாணம். வானூர்ப் பெண்ணின் கழுத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் உனக்கு இது தெரிந்தாக வேண்டும். எனக்கே தெரிந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அந்த அதிர்ச்சி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அரிசி களையும்போது கை அப்படியே நின்றுவிடுகிறது. வகுப்பில் போர்டில் பாதி வாக்கியம் எழுதிவிட்டு, மீதி என்ன என்று பிள்ளைகளையே கேட்கிறேன்.

என் அம்மாவை, உன் ஆயாவைப் பற்றி உனக்கே நான் சொல்ல வேண்டுமா? நான் பள்ளிக்கூடத்துக்குப் போக, உன்னைத் தூக்கி வளர்த்தது அவள். மரக்காணம் ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸாக இருந்த காலத்தில் ஊரில் பாதிப் பேர் அவள் கையில்தான் பிறந்தார்கள். ஊரே சிஸ்டரம்மா என்று கூப்பிட, நீயும் அதைப் பிடித்துக்கொண்டு ‘சிஸ்டராயா’ என்றாய். மழலையில் சொன்னது, மீசை முளைத்த பிறகும் மாறவில்லை. அன்பானவள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் அவளுக்கே கோபம் வரும். அவள் வாய் அப்படி. ஊசிக்குப் பயந்து அலறுகிற ஆளிடம், “அழு, நல்லா அழு, அழுதீன்னா இன்னொண்ணு போடறேன்” என்பாள். கல்யாண வீட்டுப் பந்தியில் எதிரே உட்கார்ந்தவனின் நகத்தைப் பார்த்துவிட்டு, கையைக் கழுவிவிட்டு வந்து சாப்பிடு என்று எழுப்பி அனுப்பியவள். கருவாட்டு வாசனை அவளுக்கு ஆகாது. நான் ஆசைப்பட்டுக் கொஞ்சம் வறுத்தால் ஜன்னலையெல்லாம் திறந்து போட்டுவிட்டு, “ஆஸ்பத்திரிக்காரி வூட்ல இன்னாடி நாத்தம்” என்று கத்துவாள். நானும் பயந்துகொண்டு வாழைக்காயோடு நிறுத்திக்கொண்டேன்.

புதன்கிழமை என்றால் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு மொபெட்டில் உப்பளத்துப் பக்கம் போய்விடுவாள். உப்புத் தண்ணீரில் நாளெல்லாம் நிற்கிற சனங்களின் காலெல்லாம் வெடித்துப் புண்ணாகிக் கிடக்கும். மருந்து போட்டுக் கட்டிவிட்டு வருவாள். ரிட்டயர் ஆன பிறகும் அது நிற்கவில்லை. புதன்கிழமை ராத்திரிகளில் மட்டும் அவளுக்குப் பசியே இருக்காது. வெயிலில் சுற்றினால் அப்படித்தான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

இன்னொன்று உனக்கும் ஞாபகம் இருக்கும். வருடா வருடம் போகியன்று காலையில் அளத்து ஆள் ஒருவர் நம் வீட்டு கேட்டோரமாக ஒரு சின்ன உப்பு மூட்டையை வைத்துவிட்டு, “சிஸ்டரம்மா” என்று ஒரு குரல் கொடுப்பார். ஆயா என்னை அனுப்பமாட்டாள், உன்னை அனுப்பமாட்டாள். வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு வேட்டி எல்லாம் தட்டில் வைத்து அவளே எடுத்துப்போய்க் கொடுப்பாள். அந்த ஆள் உள்ளே வந்ததே இல்லை. யாரம்மா அது என்று நான் கேட்டதற்கு, “கால்ல புண்ணு வந்து கெடந்தான், மருந்து போட்டேன். அந்த நன்றிக்குக் கொண்டாறான்” என்றாள். ஒரு புண்ணுக்கு எத்தனை வருடம் நன்றி சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை பார். பொங்கல் சமயத்தில் அளமெல்லாம் மழைத்தண்ணீர் நின்று கிடக்கும், புது உப்பு ஏது? கோடையில் வாரிய உப்பில் நல்லதாகப் பார்த்து மூட்டை கட்டி, மழையில் கரையாமல் காப்பாற்றி வைத்திருந்துதான் போகிக்குக் கொண்டுவந்து கொடுக்க முடியும். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் நான், அதுவும் எனக்குத் தோன்றவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இட்டவர் யார் என்றே கேட்காமல் வருடக்கணக்காகத் தின்றிருக்கிறேன்.

அவள் போன விதத்தை உனக்கு முழுசாகச் சொல்லவில்லை. ஆனி மாதம், காலை நேரம். காபியைக் குடித்துவிட்டு முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் தலை வாரிக்கொண்டே ஏதோ கேட்டேன், பதில் இல்லை. எட்டிப் பார்த்தால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருக்கிறாள். வலது கை விரல்கள் இடது மணிக்கட்டில். தன் நாடியைத் தானே பிடித்து எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து, தொந்தரவு செய்யாமல் திரும்பிவிட்டேன். சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு மறுபடி வந்தேன். அப்போதும் அதே விரல்கள், அதே பார்வை. தொட்டேன். அவ்வளவுதான் பிரபு. ஊர் நாடியெல்லாம் பார்த்தவள் தன் நாடி நிற்பதையும் பார்த்துக்கொண்டே போய்விட்டாள். விரல்களை மணிக்கட்டிலிருந்து பிரித்து எடுப்பதற்கு உன் அப்பாவைக் கூப்பிட வேண்டியிருந்தது.

உனக்கு லீவு கிடைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு வராதவர்கள் ஊரில் யாருமில்லை. எடுப்பதற்கு முன் பெண்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள், “பொறந்த வூட்டுக் கோடி யாரு போடறது?” சாவில் ஒரு பெண்ணுக்குக் கடைசிப் புடவை அண்ணன் தம்பி கொண்டுவந்து போடுவது. எவ்வளவு பெரிய வீட்டில் வாழ்ந்திருந்தாலும் அந்தப் புடவை பிறந்த வீட்டிலிருந்துதான் வரவேண்டும். ஆயாவுக்கு ஏது பிறந்த வீடு? அப்பா அம்மா யாரென்றே தெரியாது, கடலூர்ப் பக்கம் கன்னியாஸ்திரீகள் எடுத்து வளர்த்து நர்ஸுக்குப் படிக்க வைத்தார்கள், ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த உன் தாத்தா விரும்பிக் கட்டிக்கொண்டார் என்பதுதான் எனக்குச் சொல்லப்பட்ட கதை. நான் வயசுக்கு வந்தபோது பச்சை ஓலைக் குடிசை கட்ட எனக்குத் தாய்மாமன் இல்லை. ஆஸ்பத்திரி வாட்ச்மேன் கட்டினார். என் கல்யாணத்திலும் மாமன் சடங்கு வந்தபோது அவரைத்தான் தேடினார்கள். அவரும் இப்போது இல்லை. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் யாரையாவது கோடி போடச் சொல்லலாம் என்று உன் பெரியப்பா ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் கேட்டருகே கூட்டம் விலகியது. ஒரு வயதான ஆள், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையில் தாம்பாளம். அதில் வெற்றிலை பாக்கு, பூ, மஞ்சள் நிறத்தில் புதுப் புடவை. கால் இரண்டும் உப்புப் பூத்து வெளுத்திருந்தன. போகியன்று வருகிற ஆள்தான். உள்ளே வரவில்லை, கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

“யாருப்பா நீ? இன்னா வேணும்?” என்றார் பெரியப்பா.

“சிஸ்டரம்மாவுக்குக் கோடி கொண்டாந்துகிறேங்க.”

“மாலைய போட்டுட்டுப் போய்யா. பொறந்த வூட்டுக் கோடிய கண்டவங்க போடக்கூடாது.”

அந்த ஆள் தாம்பாளத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “கண்டவன் இல்லீங்க. அது எங்க அக்காங்க.”

மேளம் அடிப்பவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். பைத்தியம் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். குரலை உயர்த்தவே இல்லை. “வருஷா வருஷம் போகிக்கு வந்து வெச்சிட்டுப் போனேனேம்மா. பொங்க வரிசை இல்லாம வேற எதுக்கும்மா ஒருத்தன் மூட்டைய சுமந்துகினு வருவான்?” என்றார்.

பொங்கல் வரிசை. கட்டிக்கொடுத்த அக்கா தங்கைக்குப் பிறந்த வீட்டுக்காரன் வருடா வருடம் கொண்டுபோய்க் கொடுக்கிறது. அரிசியும் வெல்லமும் கரும்பும் கொடுப்பார்கள். உப்பளத்தில் வேலை செய்கிறவன் தன்னிடம் இருப்பதைக் கொடுத்திருக்கிறான். அந்தத் தட்டும் வெற்றிலையும் வேட்டியும் எனக்கு ஒரே சமயத்தில் கண்முன் வந்து நின்றன. வரிசை கொண்டுவந்த தம்பிக்கு அக்கா செய்கிற மரியாதை அது. என் கண்ணெதிரே, எங்கள் கேட்டிலேயே, வருடந்தோறும் நடந்திருக்கிறது. தரை நழுவுகிறது என்று சொல்வார்களே, அது பேச்சுக்குச் சொல்வது என்று நினைத்திருந்தேன். நான் நிஜமாகவே கதவைப் பிடித்துக்கொண்டேன்.

கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. அந்த ஆள் எந்தக் காலனி என்று எல்லாருக்கும் தெரியும். நம் தெருவில் அந்தக் காலனிச் சனங்களுக்கு எந்த வீட்டிலும் உள்ளே இடமில்லை என்பதும் உனக்குத் தெரியும். பெரியப்பாவின் முகம் இருண்டுவிட்டது. ஆனால் அவர் மூளை வேலை செய்தது. எல்லாருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்: “ஒண்ணுமில்லப்பா. அவரு சிஸ்டரம்மா பேஷண்ட்டு. அவங்க கைப்பட்டுப் பொழச்சவரு. பாசத்துல அக்கான்றாரு.” கூட்டம் ‘ஓகோ’ என்று மூச்சு விட்டது. எனக்கு அடுத்த அதிர்ச்சி அதற்குப் பிறகுதான். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு, “ஆமாங்க. பாசந்தாங்க” என்றார். உன் அப்பா எழுந்துபோய் கேட்டைத் திறந்து, “உள்ள வாங்க, வந்து போடுங்க” என்று கையைப் பிடித்து அழைத்து வந்தார். அவர் புடவையைப் போர்த்தினார். ஆயாவின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டார். அழவில்லை. பேஷண்ட்டுக்கு எவ்வளவு துக்கம் இருக்கலாமோ அவ்வளவு துக்கத்தோடு வெளியே போய்விட்டார்.

அன்றைக்கே ஓடிப்போய் அவரிடம் கேட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. துக்கத்துக்கு மேலே எனக்கு உன் ஆயா மேல் கோபம் வந்தது. அவள் படத்துக்கு விளக்கேற்றும்போதுகூட, ஏம்மா, என்னிடம்கூடவா என்று கேட்டுக்கொண்டே ஏற்றினேன். பழையதெல்லாம் ஒவ்வொன்றாக வேறு முகத்தோடு திரும்பி வந்தது. சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை, நீ டிவியில் பார்த்துவிட்டு வேலை பார்க்கிற ஊரிலிருந்து அலறி அலறி போன் செய்தாயே, அன்றைக்கு ஆயா முதலில் எங்கே ஓடினாள் தெரியுமா? அடிபட்ட சனமெல்லாம் மீனவர் குப்பங்களில். இவளோ செருப்புகூட இல்லாமல், உயிரே போனாலும் விடாத அந்த மருந்துப் பையை வீட்டிலேயே போட்டுவிட்டு, உப்பளத்துப் பக்கம் ஓடினாள். எழுபது வயதுக்கு மேல் ஆனவள். முழங்கால் வரை சேறாகத் திரும்பி வந்து, “அங்க எல்லாரும் நல்லா இருக்காங்க” என்று என்னிடம் சொன்னாள். யாரைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அதற்கப்புறம்தான் பையை எடுத்துக்கொண்டு அனுமந்தைக்குப் போனாள். அங்கே பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களுக்கு ஊசி போட்டுப் போட்டுக் கை வீங்கிவிட்டது. ஊரெல்லாம் அந்த ஊசியைத்தான் பேசியது. முதலில் ஓடிய ஓட்டத்தை நான் ஒருத்திதான் பார்த்தேன், பார்த்தும் விட்டுவிட்டேன்.

இந்தத் தையில் எனக்குப் பொங்கல் வைக்க மனமில்லை. ஆனாலும் போகியன்று காலையில் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். பழைய பாயும் துடைப்பமும் எரிந்த புகை தெருவெல்லாம் அடங்கும்வரை நின்றேன். அவர் வரவில்லை. வெயில் ஏறியது. எனக்கு என்ன தோன்றியதோ, உள்ளே போய்த் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள் எடுத்து வைத்தேன். கல்யாணத்துக்கு முதல் வெற்றிலை அம்மாவின் பிறந்த வீட்டுக்குத்தானே வைக்க வேண்டும்? உன் அப்பாவிடம், உன் கல்யாணத்துக்கு அழைக்கப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. “வெயிலாகுது, கொடை எடுத்துக்கோ” என்றார்.

அளத்து வரப்போடு நடந்து அந்தக் காலனிக்கு என் ஆயுளில் முதல் தடவையாகப் போனேன். பாத்தியெல்லாம் மழைத்தண்ணீர் வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. தெரு முனையில் ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, “அத்தே, சிஸ்டரம்மா பொண்ணு வந்துக்குது!” என்று கத்தினாள். யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் காலனியில் கிழவியிலிருந்து நேற்றுக் கல்யாணமாகி வந்த பெண் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும், பிரபு. ஒரு காலனியே இத்தனை வருடம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வந்து வரிசையில் நின்று, சீட்டு வாங்கி, ‘சிஸ்டரம்மா’ என்று மற்றவர்களைப் போலவே கூப்பிட்டு, மருந்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அவர் பெயர் முனுசாமி. என் தாய்மாமன். நாற்காலியைத் துடைத்துப் போட்டது அவர் மனைவி, என் அத்தை. சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று உட்கார வைத்துக் கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள். “பொதங்கெழம ஆனா இதே எடத்துல ஒக்காந்து, கருவாட்டுக் கொழம்பு ஊத்து, கருவாட்டுக் கொழம்பு ஊத்துன்னு கேட்டு வாங்கித் துன்னுட்டுப் போவும் உங்கம்மா” என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து புரையேறிவிட்டது. ஜன்னலைத் திறந்து போட்ட மகராசி! என்னை வாழைக்காய் தின்ன வைத்துவிட்டு இங்கே வந்து கருவாடு தின்றிருக்கிறாள். அந்த வாசனையில் பிறந்தவள் என்று தன்னை யாரும் மோப்பம் பிடித்துவிடக் கூடாது என்று அத்தனை பயந்திருக்கிறாள்.

மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். உரக்கக் கேட்டேன், ஏன் மறைத்தீர்கள் என்று. அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

“அந்தக் காலத்துல இன்னாருன்னு தெரிஞ்சா ஊசி போடக் கைய நீட்டுவாங்களா கண்ணு? பிரசவத்துக்கு வூட்டுக்குள்ள வுடுவாங்களா? அக்காவ மிஷன் ஆஸ்பத்திரிக்காரங்க படிக்க வெச்சாங்க. சொந்த ஊர்லயே வேல போட்டுட்டாங்க. நாந்தான் சொன்னேன், எங்கள தெரியும்னு சொல்லாத, நீ ஒன் வேலய பாருன்னு. அப்பால உங்கப்பா கட்டிக்கிறேன்னாரு. அவருக்குத் தெரியும். அவரு வூட்ல தெரிஞ்சிருந்தா வெட்டிப் போட்டிருப்பாங்க. சரி, ஒனக்கு ஒரு கல்யாணம் ஆவட்டும், அப்பால சொல்லிடலாம்னுச்சு. ஒனக்கு ஆச்சு. ஒம் புள்ள ஸ்கூலுக்குப் போறான், பசங்க எதுனா சொல்லுவாங்கன்னுச்சு. கடசியா பேராண்டிக்கு ஒரு கல்யாணம் முடியட்டும்டான்னுச்சு. அதுக்குள்ள போய்ச் சேந்துடுச்சு.”

நான் வயசுக்கு வந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். என் குரலில் கோபம்தான் இருந்திருக்கும். “ஓலைய வெட்டியாந்து போட்டது நாந்தான்” என்றார். “குடிசய கட்டனது வேற ஆளு.”

அதற்குப் பிறகு அவர் சொன்னதை எழுத எனக்குக் கை ஓடவில்லை. ஆனாலும் நீ அறியவேண்டும். ஆயாவின் அம்மா, என் பாட்டி, நீ என் வயிற்றில் இருக்கும்போதுதான் இறந்திருக்கிறாள். செய்தி சொல்லி நர்ஸைத்தான் அழைத்தார்கள். மேல்தெரு ஆட்கள் சிலரும் அளத்து முதலாளியின் கணக்குப்பிள்ளையும் வாசலில் நின்றிருந்தார்கள். “அக்கா வெள்ளப் பொடவயோட வந்துச்சு. நாடி பாத்துச்சு. கண்ண மூடி வுட்டுச்சு. ‘உயிர் போய்டுச்சுங்க’ன்னு எங்ககிட்ட சொல்லிட்டு, பைய எடுத்துக்கினு போயிட்டுச்சு. அழல கண்ணு. ஒரு பொட்டு தண்ணி வுடல” என்றார். அந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது, பிரபு. அம்மா சாயந்தரம் வந்து கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் எத்தனையோ சாவு பார்த்தவள், எதற்கும் தலைமுழுகி நான் பார்த்ததில்லை. வயிற்றைத் தள்ளிக்கொண்டு நான்தான் துண்டு எடுத்துப்போய்க் கொடுத்தேன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. சோப்பு பட்டுவிட்டது என்றாள். தன் அம்மா சாவில் அவள் நர்ஸாக நின்றாள். அவள் சாவில் அவள் தம்பி பேஷண்ட்டாக நின்றார். நாமெல்லாம் என்ன மாதிரியான மனிதர்கள்?

தாம்பாளத்தை அவர் முன்னால் வைத்து, “மாமா, உங்க பேரனுக்குக் கல்யாணம். முன்னாடி வந்து நின்னு நடத்திக் குடுக்கணும்” என்றேன். மாமா என்று உன் அப்பா வீட்டாரைத்தான் கூப்பிட்டுப் பழக்கம். என் சொந்த மாமனை இந்த வயதில்தான் கூப்பிட்டேன். அவர் தட்டைத் தொடவில்லை. “வேணாங்கண்ணு. கல்யாணம் நின்னு பூடும். அக்கா இத்தினி வருஷம் பல்லக் கடிச்சுகினு இருந்தது இதுக்குத்தான். நான் மண்டபத்து வாசல்ல உப்பு மட்டும் வெச்சிட்டுப் போயிடறேன்” என்றார். இன்றைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். “அக்கா இருந்தப்ப பேஷண்ட்டுன்னு வந்தேன். இப்ப இன்னான்னு சொல்லிகினு வர்றது?” என்றார். மூட்டை தயாராகத்தான் மூலையில் இருந்தது. தட்டைப் பார்த்துக்கொண்டே, “பேராண்டிக்குத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். “அப்ப தட்ட எடுத்துகினு போ. அவன் சொல்லட்டும்” என்றார்.

தட்டை எடுத்துக்கொண்டேன். மூட்டையையும் எடுத்துக்கொண்டேன். அவர் தடுக்கத் தடுக்க இடுப்பில் வைத்துக்கொண்டு மெயின் ரோடு வழியாகவே நடந்து வந்தேன். வேண்டுமென்றேதான் வந்தேன். நம் தெரு முனையில் உன் பெரியப்பா கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். “இன்னாம்மா அது, மூட்டைய தூக்கிகினு வர்ற?” என்றார். “பொறந்த வூட்டு வரிசை” என்றேன். கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்டிருக்கும். அவர் என் பின்னாலேயே வீடு வரைக்கும் வந்து, வானூர்க்காரர்கள் காதுக்குப் போனால் கல்யாணம் நிற்கும், பையன் வாழ்க்கையைக் கெடுக்காதே என்று குதித்தார். அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது, உன்மேல் அவருக்கு உயிர். “மத்தவங்க சொல்றதுக்கு முன்னாடி எம்புள்ள சொல்லுவான்” என்றேன். உன் அப்பா மூட்டையைப் பிரித்து ஒரு கல்லை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, “உப்பு எப்பவும்போல நல்லாத்தான் இருக்குது” என்று சொல்லி ஜாடியில் கொட்டினார். பெரியப்பா காபி குடிக்காமல் போய்விட்டார்.

உன்னை நம்பித்தான் அப்படிச் சொல்லிவிட்டேன். இனி உன் கையில்தான் இருக்கிறது. அந்தப் பெண்ணின் அப்பாவிடம் முதலில் சொல்லாதே. அந்தப் பெண்ணிடம் நீயே சொல். ஒரு பெண்ணோடு ஆயுள் முழுக்க வாழப்போகிறவன் முதல் நாளே மூடி போட்ட பானையோடு போகக்கூடாது. உன் தாத்தா நல்லவர்தான், மனைவியை ஒரு சொல் கடிந்து பேசாதவர். அந்த நல்லவரோடு வாழ்வதற்கே என் அம்மா தன் அம்மாவுக்காக அழாமல் இருக்க வேண்டியிருந்தது. உன் வீட்டில் உன் மனைவி எதற்கும் அப்படிக் கிணற்றடியில் போய் அழக்கூடாது. அந்தப் பெண் முகம் சுளித்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும், இரண்டு நாள் படுத்துக் கிடப்பேன். ஆனால் இந்தக் கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று மட்டும் எனக்கு எழுதிவிடாதே. அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லியேதான் உன் ஆயா செத்துப்போனாள்.

வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றி வைத்தேன், வாடிவிட்டது. நீ வந்த பிறகு புதிதாக வாங்கிக்கொள்ளலாம். சித்திரையில் லீவு என்று சொன்னாயே, வந்ததும் நேராக வீட்டுக்கு வராதே. பஸ்ஸை விட்டு இறங்கிப் பெட்டியோடு அளத்துப் பக்கம் நட. மருந்துப் பையோடு உன் ஆயா போன வழிதான். மாமாவின் வீட்டு வாசலில் நின்று ‘தாத்தா’ என்று கூப்பிடு. அவருக்குக் காது மந்தம், முதல் தடவை கேட்காது. நன்றாக உரக்கக் கூப்பிடு. நம் தெரு வரைக்கும் கேட்டாலும் பரவாயில்லை.

உன் அம்மா